பிறவிக்குறையும் உயிரின் சாரமும்

ஓர் உயிர் இன்னது என்பதைப் பிறப்பில் வந்த வித்தே முடிவுசெய்துவிடுகிறது என்ற எண்ணம் குலம் பேசுவோரிடம் மட்டுமல்ல, மரபணுவே எல்லாம் என்போரிடமும் உண்டு. நன்னீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரி இவர்களுக்குச் சங்கடமான சாட்சி. அதற்கு இரண்டு உட்கருக்கள். 5 ஜோடி குரோமோசோம்கள் கொண்ட சிறியது அடுத்த தலைமுறைக்கானது. செல் வளர்ந்து பிளக்கும் காலமெல்லாம் அதன் மரபணுக்கள் வாய் திறப்பதில்லை. பெரியதில் மரபணுக்கள் சுமார் 45 பிரதிகளாகப் பெருகி அன்றாட வாழ்வை நடத்துகின்றன. இரண்டு செல்கள் கூடும்போது பழைய பெரிய உட்கரு அழிந்து, கலந்த வித்திலிருந்து புதியது எழும்.

இந்த உயிரியில் ‘ஏ ஸ்டார்’ என்றொரு வகை. அதன் சிறிய உட்கரு பழுதானது. ஆனாலும் தின்கிறது, நீந்துகிறது, பிளந்து பெருகுகிறது. 1960களில் இதை நல்ல துணையோடு கூடவிட்டுப் பார்த்தார்கள். கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை. துணையின் வித்தைப் பெற்றுக்கொண்டு பிரிந்தது. வழக்கமாக அழிய வேண்டிய பெரிய உட்கரு இம்முறை அழியவில்லை. ஆக, வித்து முழுக்க அயலாருடையது. குணமோ பழைய செல்லுடையது. வித்துதான் சாரம் என்றால், இந்தச் செல் யார்?

மனிதருக்கு இப்படி இரண்டு உட்கருக்கள் இல்லையே என்பார்கள். உண்மைதான், நுண்ணுயிரிடமிருந்து அறநூல் எழுத நான் வரவில்லை. எல்லா உயிருக்கும் வித்தே சாரம் என்பது இயற்கையின் நியதி என்று சொன்னவர்களுக்குத்தான் இந்தப் பதில். அடுத்த தடை வலுவானது: மறுபடி கூடும்போது புதிய வித்திலிருந்தே புதிய பெரிய உட்கரு வருமே, கடைசியில் வென்றது வித்துதானே? ஓர் உடலை உண்டாக்கும் ஆற்றல் வித்துக்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் நாளை வரப்போகும் உடலைக் காட்டி, இன்று வாழும் உடல் எவருடையது என்று தீர்ப்பெழுத முடியாது. தலைமுறை தாண்டுவதும் வித்தின் தனியுரிமை அல்ல. பாரமீசியம் என்ற இன்னோர் ஒற்றைச் செல் உயிரியின் மேற்பரப்பில் சிலியா என்னும் நுண்ணிழைகள் வரிசைவரிசையாக நிற்கும். சில வரிசைகள் தலைகீழாகத் திரும்பிவிட்ட செல்களை ஜானீன் பெய்சோனும் டிரேசி சோன்பார்னும் ஆராய்ந்து 1965இல் வெளியிட்டார்கள். அந்தத் திருப்பம் நூற்றுக்கணக்கான தலைமுறைகளுக்குத் தொடர்ந்தது. கலப்புச் சோதனைகளில் அது மரபணுக்களோடு போகவில்லை, செல்லின் மேற்பரப்போடுதான் போனது.