மூன்றாவது பதில்

"உங்கள் தளத்துக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும்? அடிப்படைச் சான்றிதழா, உயர்தரச் சான்றிதழா?"

இரவு ஒரு மணிக்கு, வேலை முடிந்து வந்து உடுப்பு மாற்றக்கூட நேரமில்லாமல் கணினிக்கு முன்னால் குந்திய எங்களிடம் இப்படிக் கேட்கப்பட்டது. கேட்டவர் இணையத்தளங்களுக்கு இடம் வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கொம்பனியின் வாடிக்கையாளர் சேவையில் இருந்தவர். நாங்கள் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. எங்கள் தளம் ஏன் வெறுமையாகிவிட்டது, உள்ளே இருந்தவை இன்னும் இருக்கின்றனவா என்றுதான் கேட்டிருந்தோம். ஆனாலும் அந்தக் கேள்வி எங்களைத் திடுக்கிட வைத்தது. வேறு சொற்களில் அதே கேள்வியை அன்று மாலை முழுவதும் நாங்களே கேட்டுக்கொண்டிருந்தோம்: "தண்ணீர் காஸ் உள்ளதா, காஸ் இல்லாததா?"

நாங்கள் நான்கு பேர். பாரிசில் உணவகங்களில் வேலை செய்கிறோம். இருவர் சமையலறையில், ஒருவர் கோப்பை கழுவுமிடத்தில், ஒருவர் மேசைகளில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்த ஒருவரும் எங்களுக்குள் இருக்கிறார். பத்து வருடங்களாக ஒரு சிறிய இணையத்தளத்தை நடத்தி வந்தோம். நடத்தினோம் என்பதுகூடச் சரியல்ல. எங்களுக்கு மூத்த ஓர் அண்ணைதான் அதை நடத்தினார். நின்றுபோன புலம்பெயர் சஞ்சிகைகளை ஒவ்வொரு பக்கமாகப் படம்பிடித்துப் போட்டார். வாசிப்பு வட்டக் கூட்டங்களில் பேசியவர்களின் குரல்களைப் பதிந்து வைத்தார். சஞ்சிகைகளில் பல, 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்திலும் இருக்கின்றன. ஒலிப்பதிவுகள் வேறெங்கும் இல்லை. அவற்றில் பேசியவர்களில் ஐந்து பேர் இப்போது உயிரோடு இல்லை.

2024 மாசியில் அண்ணையும் போய்விட்டார். தளத்துக்கான கட்டணம் வருடாவருடம் அவருடைய வங்கி அட்டையிலிருந்து தானாகவே கழிந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. வங்கிக் கணக்கு மூடப்பட்டது. நினைவூட்டல் கடிதங்கள் இறந்தவரின் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. கார்த்திகையில் ஒருநாள், "இக்கணக்கு இடைநிறுத்தப்பட்டுள்ளது" என்ற ஒற்றை வரி மட்டும் தளத்தில் இருந்தது. வேறு பிரதி எடுத்து வைக்காதது எங்கள் பிழை. அதை மறைக்க விரும்பவில்லை.

பிரெஞ்சு மொழியில் இணையத்தளத்துக்கு இடம் கொடுப்பதற்கு வழங்கும் சொல் எங்களுக்குப் புதியதல்ல. எபேர்ஜ்மோன். அகதிகளைத் தங்கவைக்கும் இடத்துக்கும் அதே சொல்தான். பிறர் வீட்டில் இருந்துகொண்டு வதிவிட அட்டைக்கு விண்ணப்பிப்பவர், இவர் என் வீட்டில்தான் தங்கியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கும் கடிதத்தைக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கடிதத்தின் பெயரிலும் இந்தச் சொல் இருக்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. மேசைக்கு உணவு கொண்டுவருபவரையும், இணையத்தளத்தை வைத்திருக்கும் கணினியையும் பிரெஞ்சில் ஒரே பெயரால் அழைக்கிறார்கள்: சேர்வர். ஆகவே சேர்வராக வேலை செய்யும் ஓர் அகதி, சேர்வரிலிருந்து வெளியேற்றப்பட்ட குரல்களுக்குத் தங்குமிடம் கேட்டுப் போன கதை இது.

முதலாம் இரவு எங்களுக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். கோப்புகள் முப்பது நாட்களுக்கு வைக்கப்பட்டிருக்கும். மீட்டுத்தரும் சேவைக்கு 149 யூரோ. அதன்பிறகு கணக்கை ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். முதலாம் வருடம் மாதம் மூன்று யூரோவாக இருந்த விலை இப்போது ஒன்பது. இப்படி மீண்டும் நேராமலிருக்க நாளாந்தக் காப்புப் பிரதித் திட்டம் ஒன்று. அத்தோடு சான்றிதழ். ஒரு பதிலுக்கு ஒரு பொருள் என்ற கணக்கில் வந்துகொண்டேயிருந்தன. 149 யூரோ என்பது எங்களுக்கு இரண்டு நாள் கோப்பை கழுவல்.

இந்தச் சான்றிதழைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். வாசகருக்கும் தளத்துக்கும் இடையே போகும் தகவலை நடுவில் எவரும் படிக்காதபடி மறைத்து அனுப்புவதற்கு அது தேவை. ஒரு காலத்தில் அதைக் காசு கொடுத்தே பெறவேண்டியிருந்தது. 2015 மார்கழியிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு அதை எவருக்கும் இலவசமாக வழங்கி வருகிறது. எங்களுடையதைப் போன்ற ஒரு சிறிய தளத்துக்கு அது தாராளமாகப் போதும். ஆகவே "அடிப்படையா, உயர்தரமா?" என்ற கேள்விக்கு மூன்றாவது பதில் ஒன்று இருக்கிறது: இலவசமானது. கேள்வி கேட்டவர் பொய் எதுவும் சொல்லவில்லை. இரண்டு சான்றிதழ்களும் உண்மையிலேயே அவர்களிடம் இருக்கின்றன. மூன்றாவதை அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். பிரான்சில் சாப்பாடு கேட்கும் வாடிக்கையாளருக்குப் பாணும் குழாய்த் தண்ணீரும் சாப்பாட்டு விலைக்குள் அடங்கும். 1967 ஆம் ஆண்டின் விதி இது. இலவசக் குடிதண்ணீர் கேட்டுப் பெறலாம் என்பதை உணவகங்கள் கண்ணுக்குத் தெரியும்படி எழுதி வைக்கவும் வேண்டும் என்று 2022 தையிலிருந்து சட்டம் சொல்கிறது. எங்கள் உணவகத்திலும் எழுதியிருக்கிறது. விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில், அடியில். ஆனால் மேசைக்குப் போனதும் கேட்கவேண்டிய கேள்வியை முதலாளி எங்களுக்குப் பழக்கித் தந்திருக்கிறார். காஸ் உள்ளதா, இல்லாததா? இரண்டும் போத்தல். இரண்டுக்கும் காசு. பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். குழாய்த் தண்ணீர் கேட்பதற்குச் சிலர் வெட்கப்படுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.

இதைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது.

"அவையள் கேட்காட்டி நாங்கள் ஏன் சொல்லவேணும்? படிச்ச சனம்தானே. பின்பக்கத்தில எழுதியிருக்கு, வாசிக்கட்டும்" என்றார் மேசையில் வேலை செய்பவர்.

"அப்ப அந்தக் கொம்பனியும் எங்களுக்கு அதைத்தானே சொல்லுது. நிபந்தனையில எழுதியிருக்கு, வாசிச்சிருக்கலாம் எண்டு" என்றார் மற்றவர்.

நிபந்தனைகளைப் பிறகு வாசித்துப் பார்த்தோம். உண்மைதான். புதுப்பிக்கும்போது விலை மாறும் என்று எழுதியிருந்தது. "வரம்பற்ற இடம்" என்று முன்பக்கத்தில் பெரிதாக விற்கப்பட்டதற்கு, கோப்புகளின் எண்ணிக்கையில் வரம்பு உண்டு என்று உள்ளே எழுதியிருந்தது. எல்லாமே எழுதியிருந்தது. பொய் சொல்லாமலே ஒருவரை ஏமாற்ற முடியுமா? முடியும் என்றுதான் எங்களுக்குப் படுகிறது. கேள்வி கேட்பவர், கேட்கப்படுபவருக்காக உலகத்தை வரைந்து காட்டுகிறார். இரண்டு கதவுகளை மட்டும் காட்டி எதனால் போகிறாய் என்று கேட்டால், மூன்றாவது கதவைச் சுவராக்கிவிட்டதாகத்தான் அர்த்தம். சுவரைக் கட்டியவர் பிறகு "நான் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லையே" என்பதில் என்ன இருக்கிறது?

இந்த இடத்தில் மெய்யியல் படித்த நண்பர் கான்ட்டைக் கொண்டுவந்தார். 1785 இல் வெளிவந்த தனது நூலில் கான்ட் ஒரு கடைக்காரரை உதாரணம் காட்டுகிறார். அனுபவமில்லாத வாடிக்கையாளரிடம் அந்தக் கடைக்காரர் கூட விலை கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே விலை. ஒரு சிறுபிள்ளை போனாலும் அதே விலைக்கு வாங்கிவரலாம். அவர் நேர்மையானவர்தான். ஆனால் அந்த நேர்மை கடமை உணர்விலிருந்து வந்ததா, நல்ல பெயர் இருந்தால்தான் வியாபாரம் நடக்கும் என்ற சுயநலத்திலிருந்து வந்ததா? சுயநலத்திலிருந்து வந்தது என்றால் அதற்கு அறப் பெறுமதி இல்லை என்பது கான்ட்டின் முடிவு.

எங்களுக்கு இந்த உதாரணம் வேறு காரணங்களுக்காக உறைத்தது. முதலாவது, எங்கள் கொம்பனியில் சிறுபிள்ளைக்குத்தான் கூடிய விலை. பத்து வருடங்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் கட்டிய அண்ணை முழு விலையைக் கட்டினார். இரண்டாம் இரவு எங்களில் ஒருவர் கோபத்தில், "நீங்களும் வேண்டாம் உங்கள் இடமும் வேண்டாம், வேறு இடத்துக்குப் போகிறோம்" என்று எழுதினார். உடனே அரைவிலை என்று பதில் வந்தது. அப்படியானால் உண்மையான விலை எது? நம்பி இருப்பவருக்கு ஒன்பது, வெளியேறுவேன் என்று மிரட்டுபவருக்கு நான்கரை, புதிதாக வருபவருக்கு மூன்று. எங்கள் அறியாமைக்கும் விசுவாசத்துக்கும் சேர்த்தே விலை போட்டிருக்கிறார்கள். அறியாதவரிடம் கூட வாங்காததுதான் கான்ட்டின் கடைக்காரருக்கு நல்ல பெயரைத் தந்தது. இங்கே அறியாதவர்களின் தொகையே வியாபாரத்தின் முதலாக இருக்கிறது.

இரண்டாவது, கான்ட்டின் கடையில் விற்பவரும் உரிமையாளரும் ஒருவரே. எங்களோடு எழுத்தில் கதைத்தவர் விலையைத் தீர்மானித்தவரல்ல. எந்த வரிக்கு எந்த வரி பதில் என்று அவருக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். எத்தனை நிமிடத்தில் முடித்தார், எத்தனை பொருள் விற்றார் என்று இத்தகைய வேலைகளில் அளந்துகொண்டிருப்பார்கள். பிரெஞ்சு மொழிக்கான அழைப்பு நிலையங்கள் பல மொரோக்கோ, துனீசியா, மடகஸ்கார் போன்ற நாடுகளில் இருக்கின்றன. திரையில் தெரிந்த பிரெஞ்சுப் பெயர் அவருடைய சொந்தப் பெயராக இருந்திருக்காது. எங்களில் ஒருவருக்கும் உணவகத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளரின் வாயில் நுழையவேண்டுமே.

இப்படிப் பார்த்தால் குற்றம் துண்டு துண்டாகிவிடுகிறது. கொம்பனி, விலை போடுகிறோம், பொய் சொல்லவில்லை என்கிறது. வரிகளை எழுதியவர், நான் எவரோடும் கதைக்கவில்லை என்பார். கதைத்தவர், இது என் வரிகள் அல்ல என்பார். நாங்களும் அதைத்தான் சொல்கிறோம். முதலாளி சொன்னார், கேட்டோம். எங்களில் இருவருக்கு அகதி அட்டை இருக்கிறது. மற்ற இருவருக்கு விசா கேட்டுப்போகும்போது காட்டுவதற்குச் சம்பளச் சீட்டு மட்டும்தான். ஒரு போத்தல் தண்ணீருக்காக அதை இழக்க முடியுமா என்று கேட்பவரிடம் நாங்கள் அறம் போதிக்கப் போவதில்லை. ஆனால் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் முழுக் குற்றமும் அப்படியே இருக்கிறது. செய்தவரைத்தான் காணவில்லை.

மூன்றாம் இரவு வேறொருவர் வந்தார். அதே வணக்கம், அதே வரிகள். அண்ணையின் மனைவி அவருடைய குறிப்புப் புத்தகத்திலிருந்து கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துத் தந்திருந்ததால் இம்முறை கணக்குக்குள் இருந்தே எழுதினோம். கொம்பனியைத் திட்டாமல், உள்ளே இருப்பவை இறந்துபோனவர்களின் குரல்கள், அதில் ஒருவருடைய பிள்ளைகள் தகப்பனின் குரலைக் கேட்கவென்று வருவார்கள் என்று எழுதினோம். சில நிமிடங்கள் பதில் இல்லை. பிறகு இப்படி வந்தது:

"மீட்புச் சேவை உங்களுக்குத் தேவையில்லை. ஒரு வருடத்துக்கு வேண்டாம், ஒரு மாதத்துக்கான பட்டியல் கேளுங்கள், அனுப்புகிறேன். அதைக் கட்டினால் இடைநிறுத்தம் தானாக நீங்கும். பிறகு எல்லாவற்றையும் நீங்களே இறக்கி எடுக்கலாம்."

அடுத்த வரியிலேயே, "எங்கள் காப்புப் பிரதித் திட்டத்தைப் பற்றி அறிய விரும்புகிறீர்களா?" என்று வந்தது. அது எழுதிக் கொடுக்கப்பட்ட வரி. முந்தியது அவருடைய சொந்த வரி. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எங்களுக்குத் தெரியும்.

பதின்மூன்று யூரோ கட்டினோம். விடியும்வரை இருந்து இறக்கினோம். நாலு மணியளவில், எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பதிவைத் திறந்தபோது அண்ணையின் குரல், "பின்னால இருக்கிறவைக்குக் கேட்குதோ?" என்றது. எங்களில் எவரும் பதில் சொல்லவில்லை.

சட்டம் உதவாது என்று சொல்லமாட்டோம். இணையத்தில் செய்யக்கூடிய ஒப்பந்தத்தை இணையத்திலேயே இலகுவாக முறிக்க வழி இருக்கவேண்டும் என்று பிரான்சில் 2023 ஜூனிலிருந்து சட்டம் இருக்கிறது. தண்ணீருக்கும் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் மூன்றாவது பதிலைக் கடைசிப் பக்கத்தில் எழுத வைக்கிறது, அவ்வளவே. அதை முன்னால் கொண்டுவர ஒரு வாய் வேண்டியிருக்கிறது. அந்த வாய் பெரும்பாலும் எங்களைப் போன்றவர்களுடையது.

மறுநாள் ஒரு கடிதம் வந்தது. எங்கள் சேவை எப்படி இருந்தது, ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரம் தாருங்கள், காரணத்தையும் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஐந்து கொடுத்தோம். காரணத்தை எழுதத்தான் நேரம் பிடித்தது. அவர் செய்ததை உள்ளபடி எழுதினால் அவருக்குப் பாராட்டா வரும்? 149 யூரோ விற்பனையைக் கெடுத்தார் என்ற சாட்சியத்தை எங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்ததாக ஆகாதா? கடைசியில், "விரைவாகவும் பணிவாகவும் பதில் தந்தார்" என்று எழுதி அனுப்பினோம். அவர் விரைவாகவும் இல்லை, பணிவு என்பதும் இங்கே பொருந்தாத சொல். ஒரு நேர்மையைக் காப்பாற்ற நாங்கள் சொன்ன பொய் அது. எந்தச் சூழலிலும் பொய் ஆகாது என்ற கான்ட் இதை ஏற்கமாட்டார் என்கிறார் நண்பர்.

உணவகத்தில் எங்கள் மேசைக்காரர் இப்போது சில நாட்களில் மூன்றாவதையும் சொல்கிறார்: காஸ் உள்ளதா, இல்லாததா, குழாய்த் தண்ணீரா? முதலாளி அருகில் நிற்கும் நாட்களில் சொல்வதில்லை. அதனால் என்ன பெரிய மாற்றம் என்று கேட்டால் எங்களிடம் பதிலில்லை. கடந்த சனிக்கிழமை பிள்ளைகளோடு வந்த ஒரு குடும்பம், "குழாய்த் தண்ணீரே போதும்" என்று சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். அவர்களுக்கும் வெட்கம் இருந்திருக்கிறது. கேட்கப்பட்டதால் அது போயிற்று.