கண் தெரியாத விருந்தாளி

சாப்பிடாத தெய்வத்துக்கு எதற்கு இத்தனை உபசாரம்? நைவேத்யம் படைக்கும்போது உங்கள் வீட்டுக் குழந்தை இப்படிக் கேட்டால், என்ன பதில் சொல்வீர்கள்? ஜப்பானிய விவசாயிகள் சிலரது வழிபாட்டில் இதற்கு அழகான பதில் இருக்கிறது, சகோதரிகளே!

ஜப்பானின் இஷிகாவா மாநிலத்தில், கடலுக்குள் நீண்டிருக்கிறது நோட்டோ தீபகற்பம். அங்கே நெல் விளைவிக்கும் குடும்பங்கள் வழிவழியாகத் தங்கள் இல்லத்திலேயே நடத்தும் வைபவம் 'அயெனோகோதோ'. 2009-ல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பெருமை இதற்கு உண்டு.

அறுவடைக்குப் பிறகு, டிசம்பர் 5-ஆம் தேதி குடும்பத் தலைவர் சம்பிரதாய உடையணிந்து, வயல் தெய்வத்தை வீட்டுக்கு அழைத்து வருகிறார். தெய்வம் தம்பதி சமேதராக வருவதாக நம்பிக்கை. ஆகவே, படையலும் இருவருக்கு! குளிர்காய அமரச் செய்து, வெந்நீர் ஸ்நானத்துக்கு அழைத்துச் சென்று, பிறகு விதைநெல் மூட்டைகளின் முன் விருந்து வைக்கிறார்கள்.

இந்தத் தெய்வத்துக்குக் கண் தெரியாதாம்! நெற்கதிர் குத்திப் பார்வை போயிற்று என்பது அங்கு வழங்கும் ஐதீகங்களில் ஒன்று. எனவே, 'இங்கே படி இருக்கிறது', 'இது சாதம், இது மீன், இது முள்ளங்கி' என்று ஒவ்வொன்றாகச் சொல்லி உபசரிக்கிறார் குடும்பத் தலைவர். அந்தப் பிரசாதத்தையே பிறகு குடும்பத்தார் உண்கிறார்கள்.

குளிர்காலம் முழுக்க வீட்டில் தங்கும் தெய்வத்தை, பிப்ரவரி 9-ஆம் தேதி மீண்டும் விருந்திட்டு, நல்ல விளைச்சல் வேண்டி வயலுக்கு அனுப்புகிறார்கள். கவனித்தீர்களா? முதலில் நன்றி, பிறகுதான் வேண்டுதல்!

2024 ஜனவரி 1-ஆம் தேதி நோட்டோவைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. வீடுகள் இடிந்தன; வயல்கள் பிளந்தன. நாள் கணக்குப்படி, தெய்வம் வீட்டுக்குள் தங்கியிருந்த காலம் அது. 'உள்ளே இருந்தும் காக்கவில்லையே' என்று மனம் கேட்கத்தான் செய்யும். அதற்கு எளிய பதில் கிடையாது. ஆனால், இந்த ஐதீகத்தின் தெய்வம் துன்பமே அறியாத தெய்வமல்ல. நாம் உண்ணும் நெல்லுக்காகத் தன் கண்ணையே கொடுத்த தெய்வம். இடிந்த வீட்டில் அழுகிறவரோடு அதுவும் இருந்திருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது.

உபசாரம் தெய்வத்தின் பசிக்காக அல்ல. நமக்காக நோவு பட்டவரை நாம் மறக்காமல் இருப்பதற்காக. உங்கள் வீட்டிலும் கண் மங்கிய பெரியவர் யாரேனும் இருக்கிறாரா? இன்று அவருக்குப் பரிமாறும்போது, 'இது ரசம், இது கீரை' என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அதுவும் நைவேத்யமே!