எண்ணி முடித்த நாமங்கள்

நேற்று ராத்திரி இந்தக் கொடைக்கானலிலே நான் நடுங்கிப் போனேன். குளிரால் என்று நினைக்காதீர்கள். சாமி பெயரைப் பற்றிய கதை ஒன்றைப் படித்துத்தான்.

ஆர்தர் சி. கிளார்க் 1953-இல் வெளியிட்ட சிறுகதை. அவர் பிற்பாடு இலங்கையிலேயே குடியேறி, 2008-இல் கொழும்பில் காலமானவர். பக்கத்து வீட்டுக்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். கதையில், திபெத்தில் ஒரு மடம். இறைவனுடைய 900 கோடி நாமங்களையும் எழுதி முடித்துவிட்டால் உலகம் பிறந்த காரியம் தீர்ந்துவிடும் என்பது துறவிகளின் நம்பிக்கை. முந்நூறு வருஷமாக எழுதுகிறார்கள். கையால் எழுதினால் 15,000 வருஷம் பிடிக்குமாம். கம்ப்யூட்டரை வரவழைக்கிறார்கள், 100 நாள் போதும் என்றாகிறது. இயக்க வந்த இரண்டு பேரும், கடைசியில் ஒன்றும் நடக்காமல் போனால் பழி நம் தலையில் விழுமே என்று குதிரையேறி நழுவுகிறார்கள். வழியில் ஒருவன் நிமிர்ந்து பார்க்கிறான். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருக்கின்றன.

புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்தேன். அண்ணாந்து பார்த்தால் ஒரு நட்சத்திரம்கூட இல்லை! நெஞ்சு அடைத்துக்கொண்டது. முகத்தில் ஈரம் பட்ட பிறகுதான் தெரிந்தது, நம்ம ஊர் மேகம்.

சிரிக்கிறீர்கள், சரி. ஆனால் அந்தக் கணத்தில் எனக்கு என் சகஸ்ரநாமம் ஞாபகம் வந்தது. ஆயிரமும் சொல்லி முடித்ததும் 'அப்பாடா' என்று எழுந்துவிடுகிறேனே! அந்தக் கம்ப்யூட்டரும் அதைத்தானே செய்தது? பழனியிலே படியேறுகிறவனைப் பாருங்கள். அறுநூற்றுச் சொச்சம் படிகளுக்கும் அவனுக்கு ஒரே அரோகராதான். தீர்ந்துபோக அவன் கையில் பட்டியலே கிடையாது.

அணைந்த நட்சத்திரங்களுக்கு வருகிறேன். இங்கே கொடைக்கானலில் 1899-இல் ஏற்பட்ட சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. சூரிய வெளிச்சம் நம்மை எட்டவே எட்டு நிமிஷம் தாண்டுகிறது. சூரியனை விட்டால் அடுத்த நட்சத்திரத்தின் ஒளிக்கு நாலு வருஷத்துக்கு மேல். ஆயிரம் வருஷம் பயணம் செய்து வரும் ஒளியும் உண்டு. அப்படியானால், அன்று ராத்திரி கதையில் நிமிர்ந்து பார்த்தவன் கண்ணுக்கு அவையெல்லாம் அணைய வேண்டுமென்றால், நிஜத்தில் எப்போது அணைந்திருக்க வேண்டும்? சிலது, மடத்தில் முதல் நாமம் எழுதுவதற்கும் முன்னாலே! படித்தவர்கள் இதைக் கதையின் ஓட்டை என்பார்கள். எனக்கோ அந்த ஓட்டை வழியாகத்தான் மூச்சு வந்தது. இவர்கள் எழுதி முடிக்கட்டும் என்று இறைவன் காத்திருக்கவே இல்லை பாருங்கள்.

இன்று காலை இந்த ஊர் குறிஞ்சியாண்டவர் கோயிலில் நின்றேன். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து கீழே பழனி மலை தெரியும். வெகு நேரம் நின்றும் மேகம் விலகவில்லை. அந்தத் திசையைப் பார்த்தே கும்பிட்டுவிட்டு வந்தேன்.