சின்னம் அணிந்தால் பிணி தீருமா?

அக்டோபர் மாதம் வந்தால் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வின் பெயரால் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் இளஞ்சிவப்பு நாடா அணிகின்றனர். கட்டடங்களில் அதே நிறத்தில் விளக்கேற்றுகின்றனர். இதனால் நோயுற்றோர்க்கு யாது பயன் என்னும் கேள்வி நம் இல்லங்களிலும் எழுகின்றது. வெறும் ஆரவாரம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

அந்நாடாவின் வரலாற்றை அறிந்தபின் அவ்வெண்ணம் சற்று மாறியது. 1990-களின் தொடக்கத்தில், கலிபோர்னியாவில் சார்லட் ஹேலி என்னும் மூதாட்டியார் வாழ்ந்தார். அவருடைய பாட்டி, சகோதரி, மகள் மூவரையும் இந்நோய் பற்றியது. அவர் தம் வீட்டு உணவு மேசையில் அமர்ந்து, பீச் பழத்தின் நிறத்தில் நாடாக்களைக் கையாலேயே செய்து, ஓர் அட்டையுடன் சேர்த்து வழங்கினார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆண்டு நிதி 180 கோடி டாலர் என்றும், அதில் 5 விழுக்காடே நோய்த் தடுப்புக்குச் செலவாகின்றது என்றும், சட்டமியற்றுவோரைத் தட்டி எழுப்ப வேண்டும் என்றும் அவ்வட்டை கூறியது. 1992-ல் செல்ஃப் என்னும் இதழும் எஸ்டீ லாடர் என்னும் ஒப்பனைப் பொருள் நிறுவனமும் அந்நாடாவைத் தாமும் பயன்படுத்த விரும்பின. வணிகமாகிவிடும் என்று அவர் இசையவில்லை. எனவே நிறம் இளஞ்சிவப்பாக மாற்றப்பட்டது. நாடா உலகெங்கும் பரவியது. அட்டை மட்டும் காணாமற் போயிற்று.

நம் வினாவுக்குரிய விடை அந்த அட்டையில்தான் இருக்கின்றது என்று கருதுகின்றோம். 2014-ல் தலையில் பனிக்கட்டி நீரை ஊற்றிக்கொள்ளும் வேடிக்கை ஒன்று பரவியது. நீரை வடிகட்டி அளவோடு பயன்படுத்தும் நமக்கு அஃது உவப்பானதன்று. ஆயினும், தசைகளை இயக்கும் நரம்பணுக்களைச் சிதைக்கும் ஏ.எல்.எஸ். நோய்க்காக நிதி தருக என்னும் வேண்டுகோளும் அதனுடன் இருந்தது. அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்திற்கு ஏறத்தாழ 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்நிதி துணைநின்ற ஆய்வு ஒன்றில், நெக்1 என்னும் மரபணுவுக்கு இந்நோயுடன் தொடர்புண்டு என்பது 2016-ல் தெரியவந்தது. நோயை முற்றும் தீர்க்கும் மருந்து இன்னும் கிட்டவில்லை. எனினும் ஊற்றிய நீர் முழுதும் வீண் என்று கூறுவதற்கில்லை.

நால்வகைத் தானங்களுள் ஔஷத தானமும் ஒன்று என்பதை அன்பர்கள் அறிவர். மருந்து நோயாளியின் கைக்குச் சென்று சேராதவரை அது தானமாவதில்லை.

நம் உறவினர் இல்லமொன்றில் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். கல்லூரியிலிருந்து பேத்தி நாடாவுடன் திரும்பினாள். "இது என்னம்மா?" என்று கேட்டார் பாட்டி. "புற்றுநோய்க்காக எல்லாருக்கும் குத்திவிட்டாங்க ஆயா" என்றாள் அவள். பாட்டி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அன்றே அவர் மார்பில் ஒரு கட்டி இருந்தது. வலி இல்லை, ஆதலால் தீங்கும் இல்லை என்று எண்ணி, நாணத்தால் எவரிடமும் கூறாதிருந்தார். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது என்பதை நாடா கொடுத்தவர்கள் பேத்திக்குச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஐந்து மாதம் கழித்தே உண்மை வெளிப்பட்டது. அறுவை சிகிச்சைக்குப் பின் பாட்டி இன்று நலமாக உள்ளார். பேத்தியின் மனவேதனைதான் தீரவில்லை. அவள் மீது குற்றமில்லை. பாட்டியைக் கேட்க வைத்ததே அந்நாடாதான். விடைதான் அவள் கையில் தரப்படவில்லை.

ஆதலின், அடுத்த அக்டோபரில் நம் ஊர்களில் முகாம் நடத்தவிருக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாடாவுடன் சிறு அட்டை ஒன்றையும் கொடுங்கள். வலியில்லாத கட்டியையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று அதில் எழுதுங்கள். அருகிலுள்ள எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமையில் பரிசோதனை செய்கின்றனர் என்பதையும், துணைக்கு வர இசைந்த பெண்மணிகள் யாவர் என்பதையும் குறிப்பிடுங்கள். பணம் போதாதெனில் நாடாவை விட்டுவிட்டு அட்டையை மட்டும் அச்சிடலாம்.