13 பல், 27 பல்

பாசிக்குடாவில் கரையை விட்டு வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. நீந்தத் தெரியாதவர்களுக்கு வரம், எஞ்சினுக்கு அல்ல. கண்ணாடி அடித்தளப் படகு முருகைக்கல்லின் மேலாகப் போகிறது. பயணிகளின் கண் மீன்களில். ஓட்டியின் நினைப்பு எஞ்சினின் காலில்.

*

அந்தக் காலின் அடியில், ஒயில் நிரம்பிய சிறு உறைக்குள், கூம்பு வடிவான மூன்று பெவல் கியர்கள். செங்குத்துத் தண்டின் நுனியில் சின்னது. அதைக் கடித்தபடி கிடைத்தண்டில் பெரியவை இரண்டு, முன்னோட்டத்துக்கு ஒன்று, பின்னோட்டத்துக்கு ஒன்று. 15 குதிரைவலு யமஹாவில் சின்னதற்கு 13 பல், பெரியதற்கு 27.

*

இன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 குதிரைவலு, நிமிடத்துக்கு 5000 சுற்று: தண்டில் ஏறத்தாழ 21 நியூட்டன் மீற்றர் முறுக்கு. மொடியூல் (பல்லின் பருமனைக் காட்டும் அளவு) 3, பல்லின் அகலம் 15 மில்லிமீற்றர் என்று வைத்தால், பல்லைத் தள்ளும் விசை 1300 நியூட்டன். விரல்நகம் அளவேயான உருக்கின் மேல் இரண்டு நெல்மூட்டைப் பாரம்.

1892இல் வில்ஃபிரட் லூயிஸ் தந்த சூத்திரப்படி, பல்லின் வேரில் தகைப்பு சதுர மில்லிமீற்றருக்கு சுமார் 125 நியூட்டன். நல்ல உருக்கு இதைத் தாங்கும். படகைத் தள்ளும் காத்தாடி முருகைக்கல்லில் இடிக்கும் கணத்தில் அது இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆகிவிடலாம். அதைப் பற்றி லூயிஸின் சூத்திரம் பேசுவதில்லை.

*

கியரைப் பெரிதாகச் செய்தால் என்ன என்று எவருக்கும் தோன்றும். எல்லா அளவையும் 10 சதவீதம் கூட்டினால் தாங்கும் முறுக்கு 33 சதவீதம் ஏறும். எடையும் அதே 33 சதவீதம். இலாபம் ஒன்றுமில்லை. உறையும் பருத்து, தண்ணீர் அதை இன்னும் பலமாகப் பிடித்து இழுக்கும்.

பல்லை மட்டும் அகலமாக்கலாமா? பெவல் கியரின் பல் கூம்பின் உச்சியை நோக்கி மெலிந்துகொண்டே போகிறது. கூம்பின் சாய்நீளத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டி உள்ளே நீட்டினால் கூடுவது பாரம்தான், பலம் அல்ல. என் கணக்கில் சாய்நீளம் 45 மில்லிமீற்றர், அதனால்தான் அகலம் 15.

*

மிச்சம் இருக்கும் வழிகள் அளவில் இல்லை. மேற்றோல் கடினமாகவும் உள்ளே இளக்கமாகவும் பதமிட்ட உருக்கு. அரம் வைத்துத் தேய்த்தால் வழுக்க வேண்டும். கடித்தால் அது மலிவுச் சரக்கு. பிறகு ஷிம். மில்லிமீற்றரில் பத்திலொரு பங்குத் தகடு ஒன்று தவறினாலே பாரம் முழுவதும் பல்லின் ஒரு மூலைக்குப் போய்விடும். நீலச் சாயம் தடவிச் சுழற்றி, எங்கே பதிகிறது என்று பார்க்காமல் மூடுகிறவரை நான் நம்புவதில்லை.

முறிந்த பல்லும் பேசும். முறிந்த முகம் முழுக்கச் சொரசொரப்பென்றால் ஒரே அடி. வேரிலிருந்து மழமழப்பான வளைகோடுகள் விரிந்திருந்தால், விரிசல் மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது.

*

இவ்வளவு சின்னப் பல் தப்பிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அதற்கு முன்பே விட்டுக்கொடுக்க ஒன்றை வைத்திருக்கிறார்கள். 15 குதிரைவலு எஞ்சினில் அது காத்தாடிக்குள் இருக்கும் ரப்பர் புஷ். சின்ன எஞ்சின்கள் பலவற்றில் ஷியர் பின். பின் முறிந்தால் ஆணியையோ போல்ட்டையோ செருகிக்கொண்டு ஓடாதீர்கள். உரிய பின் இரண்டை எப்போதும் படகில் வைத்திருங்கள்.