அறியாமல் நேர்ந்த பிழை குற்றமாகுமா?

அறிந்து செய்யும் தீங்கு குற்றம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அறியாமல் நேரும் தீங்கோ? "என் உள்ளத்தில் தீய எண்ணம் இருந்ததில்லை, ஆதலின் என்மீது குற்றமில்லை" என்று கூறி அமைதியடைவது மனித இயல்பு. செயலுக்கு வேர் எண்ணமே என்று கற்றுள்ள நமக்கு இவ்வாறு கூறுதல் இன்னும் எளிது. இக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, அண்மையில் ஒரு சிறு இயந்திரத்தினிடம் நாம் கற்ற பாடத்தைக் கொண்டு ஆராய்வோமாக.

1953-ஆம் ஆண்டில் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் தோன்றிய பெங்களூரில், இயந்திரத் தொழிலால் வாழ்ந்த தமிழர் பலர். அவர்களுள் ஓய்வு பெற்ற மூத்த தொழிலாளி ஒருவர் நமக்கு அண்டை வீட்டார். அவருடைய தூண்டுதலால், மேசைமீது வைத்து இயக்கத்தக்க சிறிய மில்லிங் இயந்திரம் ஒன்றை முதிய வயதில் வாங்கினோம். லேத்தில் பொருள் சுழலும், வெட்டுங்கருவி சுழலாது. மில்லிங் இயந்திரத்திலோ பற்களுடைய கட்டர் சுழல, மேசையில் இறுக்கப்பட்ட பொருள் அதனை நோக்கி நகரும். தட்டையான முகமும், பள்ளமும், நேரான துளையும் இதனால் அமைகின்றன.

கற்கத் தொடங்குவோர்க்குரிய விதிகளை ஊக்கத்துடன் மனப்பாடம் செய்தோம். கண்ணாடி அணிதல் வேண்டும்; கையுறை அணிதல் கூடாது, ஏனெனில் சுழலும் கட்டர் கையுறையைப் பற்றிக் கையையும் இழுத்துக்கொள்ளும். 10 மி.மீ. விட்டமுள்ள சாதாரண ஹைஸ்பீடு கட்டரால் மென் எஃகை வெட்டும்போது நிமிடத்திற்கு ஏறக்குறைய 800 சுற்றுகள் போதும். இவற்றையெல்லாம் தவறாது கடைப்பிடித்தோம். ஆயினும் இயந்திரத்தின் தூண் மேசைக்கு நேர் செங்குத்தாக நிற்கிறதா என்பதை மட்டும் சோதித்தோமில்லை. தூணின் பின்புறத்தில் பாகைகள் பொறித்த அளவுத் தகடு உண்டு. அதன் குறி பூச்சியத்தில் நின்றது. அதுவே போதுமென்று நம்பினோம்.

இந்நிலையில், கால்கள் செயலிழந்த அன்பர் ஒருவரின் கையால் இயக்கும் மூன்று சக்கர வண்டிக்கு, அச்சைத் தாங்கும் எஃகுக் கட்டைகள் இரண்டு தேவைப்பட்டன. நாமே செய்து தருவதாக மகிழ்வுடன் ஏற்றோம். 40 மி.மீ. தடிப்புள்ள கட்டைகளின் முகங்களைச் சீவி, துளையிட்டு, வெண்கலப் புஷ் பொருத்தினோம். முகத்தை அகன்ற கட்டரால் முன்னும் பின்னுமாகச் சீவியபோது, ஒவ்வொரு வரிசைக்கும் இடையே நகத்தில் தட்டுப்படும் மெல்லிய படிகள் தோன்றின. அரத்தாலும் எமரித் தாளாலும் அவற்றைத் தேய்த்து மறைத்தோம். கட்டைகள் பளபளத்தன.

அச்சைச் செருகியபோது அது இறுகி நின்றது. துளையில் ஓர் எஃகுத் தண்டை நிறுத்தி மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தோம். இடையே ஒளி தெரிந்தது. துளை சாய்ந்திருந்தது! கிரீஸ் தடவிச் சிறிது வலிந்து சுழற்றினால் அச்சு சுழலவே செய்தது. வெளியிலிருந்து பார்ப்போர் எவரும் குறை காணார். நாளடைவில் புஷ் ஒருபுறமாகத் தேயும், வண்டி கனக்கும், வண்டியை ஓட்டுபவரோ தம் கைகள் தளர்ந்தன என்றே எண்ணுவார். அப்படியே கொடுத்துவிடலாமா என்ற எண்ணம் நமக்கு எழுந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மூத்த தொழிலாளியிடம் கட்டைகளைக் காட்டினோம். அவர் ஒன்றும் கடிந்துரைக்கவில்லை. கட்டையைக் கையில் புரட்டிப் பார்த்து, "இதை ஓட்டப் போகிறவர் யார், ஐயா?" என்று மட்டும் கேட்டார். பின்னர் டயல் கேஜை ஸ்பிண்டிலில் பொருத்தி, அதன் முனை மேசைமீது 200 மி.மீ. விட்டமுள்ள வட்டமாகச் செல்லுமாறு கையால் சுழற்றிக் காட்டினார். இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் 0.4 மி.மீ. வேறுபாடு இருந்தது. கோணமாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒரு பாகையில் ஒன்பதில் ஒரு பங்கு. பாகைக் கோடுகள் மட்டுமே பொறித்த தகடு இதனை எங்ஙனம் காட்டும்? 40 மி.மீ. ஆழமுள்ள துளையில் இச்சாய்வு 0.08 மி.மீ. ஆகிறது, ஒரு தலைமயிரின் தடிப்பு எனலாம். நன்கு பொருந்த வேண்டிய அச்சை இறுக்க அது போதும்.

இனி வினாவுக்கு வருவோம். துளை சாய்ந்ததை அறியாமல் நாம் செய்தது பிழை. அறிந்தபின் கிரீஸ் தடவிக் கொடுத்திருந்தால் அது வஞ்சகம். இவ்விரண்டிலும் ஐயமில்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று உண்டு. அறிவதற்கு வழியிருந்தும் நாம் அறியாமல் இருந்தோமே, அதற்கு என்ன பெயர்? நகத்தில் தட்டிய படிகள் வாயிலாக இயந்திரம் தன் சாய்வை நமக்கு உணர்த்தியது. நாமோ அந்தச் சாட்சியைத் தேய்த்து அழித்தோம். அளவுத் தகட்டை நம்பியதும் அது மெய்யுரைத்ததால் அன்று. நம்பினால் ஒரு மணி நேர வேலை மிச்சமாகும் என்பதால். ஆகவே அவ்வறியாமை தானே வந்ததன்று. நாம் விரும்பி வைத்துக்கொண்டது. அங்கேயும் ஓர் எண்ணம் இருந்தது. அது தீங்கு செய்யும் எண்ணமன்று, பாராதிருக்கும் எண்ணம். அதற்கு நாம் பொறுப்பேற்றேயாக வேண்டும்.

அதே இயந்திரத்தில் மற்றொரு பாடமும் உண்டு. மேசையை நகர்த்தும் திருகுக்கும் அதன் மரைக்கும் இடையே சிறிது இடைவெளி இருக்கும்; பட்டறையில் இதனைப் பேக்லாஷ் என்பர். கைப்பிடியைத் திசை மாற்றிச் சுழற்றும்போது, கைப்பிடியின் வட்டத்தில் எண்கள் ஓடும். மேசையோ சிறிது நேரம் அசையாது நிற்கும். வட்டம் கூறுவது கை சுழன்ற அளவையே; மேசை நகர்ந்த அளவையன்று. நம் நல்லெண்ணமும் இத்தகையதே. நாம் எவ்வளவு விரும்பினோம் என்பதை அது கூறும். பிறர்க்கு எவ்வளவு நன்மை சென்றடைந்தது என்பதைத் தனியே அளந்துதான் அறிதல் வேண்டும்.

"ஒவ்வொன்றையும் சோதித்துக்கொண்டிருந்தால் எப்போது வேலை செய்வது?" என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. முற்றிலும் பிழையற்ற இயந்திரம் உலகில் இல்லை. ஆகையால்தான் ஒவ்வோர் அளவுக்கும் எவ்வளவு கூடுதல் குறைவு பொறுக்கலாம் என்று தொழிலாளர் வரையறுக்கின்றனர். காகிதம் பறக்காமல் வைக்கும் இரும்புத் துண்டுக்கு 0.4 மி.மீ. சாய்வு ஒரு குறையேயன்று. பிறர் உடல் உழைப்பைத் தாங்கும் கட்டைக்கு அது பெருங்குறை. எவ்வளவு கவனம் தேவை என்பதைத் தீர்மானிப்பது நம் பெருமையன்று. நம் பிழையின் சுமை எவர் தோளில் விழும் என்பதே. பெரியவர் கேட்ட கேள்வியின் பொருளும் இதுவே.

இதனால், பிழை செய்த தொடக்கக்காரர் தம்மைத் தாமே வதைத்துக்கொள்ள வேண்டுமென்று நாம் கூறவில்லை. சாய்ந்த தூணை எவரும் சம்மட்டியால் அடிப்பதில்லை. பிடித்திருக்கும் நட்டைச் சிறிது தளர்த்தி, மெல்லத் தட்டி, மீண்டும் அளந்து, இறுக்கி, இறுக்கிய பின்னும் ஒருமுறை அளப்பர். இறுக்கும்போதே தூண் நகர்வதுண்டு. நமக்கு அன்று மூன்று முறை திரும்பச் செய்ய நேர்ந்தது. முடிவில் வேறுபாடு 0.02 மி.மீ. அளவுக்குக் குறைந்தது. மனத்தைத் திருத்தும் முறையும் இதுவே: கோபமின்றி அளத்தல், சிறிது திருத்தல், மீண்டும் அளத்தல்.

பழைய கட்டைகளை ஒதுக்கிவிட்டுப் புதியவை செய்தோம். தாமதத்தின் காரணத்தை அன்பரிடம் மறையாது கூறினோம். அவர் சிரித்து, "சொன்னீர்களே, அது போதும்" என்றார். அச்சு இப்போது ஒரு விரலின் தள்ளுதலுக்கே சுழல்கிறது.

"எனக்குத் தெரியாது" என்று கூறுமுன், "தெரிந்துகொள்ள நான் முயன்றேனா?" என்று நம்மை நாமே வினவுவோமாக. அவ்வினாவுக்கு நேர்மையாக விடையளிக்க இயன்றவரே, "என்மீது குற்றமில்லை" என்று கூறும் உரிமை பெற்றவராவர்.