சிக் ரூம் குறிப்புகள்

வார்டில் நோயாளி கேஸ் ஷீட்டோடு வருவார். டாக்டர் எழுதியிருப்பதை நர்ஸ்கள் நாங்கள் செய்வோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தானாக வந்து வாசலில் நிற்கிறது. ஒரு கட்டில், தெர்மாமீட்டர், பஞ்சு, டெட்டால், ஒரு நோட்டு. வகுப்புக்குத் திருப்பி அனுப்புவதா, படுக்க வைப்பதா, வீட்டுக்குப் போன் போடுவதா என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். புது வேலையில் கனமாக இருப்பது இதுதான்.

*

திங்கட்கிழமை ப்ரேயரில் யாராவது ஒரு பிள்ளை சரிந்து விழும். படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, காலர் பட்டனைத் தளர்த்தினால் கொஞ்ச நேரத்தில் கண் திறக்கும்.

"காலைல என்னடா சாப்பிட்டே?"

"பால் மட்டும், மிஸ். வேன் வந்துடுச்சு."

வெயிலில் அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தங்கி மூளைக்குப் போவது குறைகிறது. வெறும் வயிறும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். 2022-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் வந்தது. கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளும் பசியோடுதான் வருகிறார்கள் என்பதை இங்கே வந்துதான் பார்த்தேன்.

*

நோட்டில் பெயர், வகுப்பு, நேரம் எழுதுவார்கள். நான் பீரியடையும் எழுதுகிறேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கணக்கு பீரியடுக்கு முன்னால் மட்டும் வயிறு வலிக்கிறது. நடிப்பு என்கிறார்கள். பயத்திலும் குடல் முறுக்கும், வலி நிஜம்தான். தொப்புளைச் சுற்றி லேசான வலி, காய்ச்சல் இல்லை என்றால் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுக்கலாம். வலப்பக்கம் கீழே இறங்கி, வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்தால் குடல்வாலாக இருக்கலாம், தாமதிக்கக் கூடாது. முதலில் கை வைத்துப் பார்க்க வேண்டும். தீர்ப்பெல்லாம் பிறகு.

*

மூக்கில் ரத்தம் வரும் பிள்ளையை அண்ணாந்தபடி அழைத்து வருகிறார்கள். முன்னால் குனியவைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க ஓடுகிறார்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். 5 நிமிடம் தாண்டினால் 108. பதறாமல் பக்கத்தில் இருப்பதும் வைத்தியம்தான்.

*

1902-ல் நியூயார்க் பள்ளிகளில் கண்நோய், படர்தாமரை, பேன் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே செவிலியர் சேவை நடத்திவந்த லில்லியன் வால்ட், தன்னிடம் இருந்த லினா ராஜர்ஸ் என்ற செவிலியரைச் சோதனையாகப் பள்ளிகளுக்கு அனுப்பினார். அவர் பள்ளியிலேயே மருந்து போட்டார். வீடு வீடாகப் போய்த் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு வருடத்தில், வீட்டுக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். பிள்ளையைத் திரும்ப வகுப்பில் உட்கார வைப்பதற்காகவே வந்த வேலை இது.

*

பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். ஆஸ்துமா, வலிப்பு, அலர்ஜி எது இருந்தாலும் அட்மிஷன் ஃபாரத்தில் மறைக்காதீர்கள். யாரும் சீட்டைப் பறித்துவிடக் கூடாது என்று நீங்கள் மறைப்பது, அவசரத்தில் பிள்ளைக்கே ஆபத்தாகும். இன்ஹேலர் பையில் இருக்கட்டும். காலையில் இரண்டு இட்லியாவது கொடுத்து அனுப்புங்கள்.